செங்கேணியின் விதைச்சாக்கு

செங்கேணிக்கு ஞானஸ்நானத்தின்போது எஸ்தர் என்று ஒரு பேர் வைத்தார்கள். அந்தப் பேர் சர்ச் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே எந்த நிலத்தில் நடவு என்றாலும், "செங்கேணி செட்டுக்குச் சொல்லிட்டியா?" என்றுதான் கேட்பார்கள். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த நடவு செட்டு அது. வரப்பிலிருந்து முதலில் சேற்றில் இறங்குகிறவள் செங்கேணி.

விதை கட்டுவதிலும் அவள் கைராசிக்காரி. நெல்லை ஒரு நாள் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடிவைத்தால் மறுநாளோ அதற்கு மறுநாளோ வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. சூடு குறைந்தால் முளை வராது. கூடினால் நெல் வெந்துபோகும். செங்கேணி சாக்குக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு ராத்திரி" என்பாள். அவள் சொன்னால் ஒரு ராத்திரிதான். முப்பது வருஷமாக ஊரார் விதையெல்லாம் அவள் கையில்தான் முளைத்தது. அவளுக்கென்று ஒரு கத்திரிச்செடி வைக்கக்கூட இடம் கிடையாது. அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. எனக்கு இதை எழுதும்போது கூட கோபம் வருகிறது.

அவளுக்கு நாற்பத்தாறு வயதானபோது சுப்பிரமணி என்பவர் கூப்பிட்டனுப்பினார். மதகை ஒட்டி ஒரு ஏக்கர் வைத்திருப்பவர். பிள்ளைகள் சென்னையில், இவருக்கு மூட்டுவலி.

"வாரத்துக்கு நீ பண்றியா செங்கேணி? வெளையறதுல பாதி உனக்கு, பாதி எனக்கு" என்றார். "ஆனா ஒண்ணு, மார்கழி இருவதுக்குள்ள நாத்து வுட்ரணும். அதுக்கு மேல போச்சின்னா தண்ணி மொற தப்பிப்பூடும். மோகன்குமார் வேற கேட்டுக்கினு கீறான். அவனுக்குக் குட்துடுவேன், அப்புறம் கோச்சிக்கக் கூடாது."

"சரிங்கய்யா" என்றாள். நேராக வீட்டுக்குப் போகாமல் அந்த ஏக்கரின் வரப்பில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மடை எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்தாள்.

இந்த இடத்தில் அவள் புருஷன் சாமுவேலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன். குடி கிடையாது. ஒரு கம்பெனி கேட்டில் ராத்திரி செக்யூரிட்டி வேலை. காலை எட்டு மணிக்கு வந்து நாஷ்டா முடித்துப் படுத்தால் மத்தியானம் வரைக்கும் தூக்கம். இவருக்கு ஒரே ஒரு குறை, தான் வாழ்க்கையில் ஒன்றுமே சம்பாதிக்கவில்லை என்பது. அந்தக் குறைக்கு மருந்தாக கேட்டில் கூட வேலை பார்த்த ஒருவன் செல்போனில் ஒரு குரூப்பைக் காட்டினான். கம்ப்யூட்டரைச் சும்மா ஓடவிட்டால் போதும், அது கணக்குப் போட்டு ஏதோ கிரிப்டோ நாணயம் சம்பாதித்துத் தரும் என்று அந்தக் குரூப்பில் போட்டிருந்தது.

கம்ப்யூட்டருக்குப் பஞ்சமில்லை. மகள் ஜெனிஃபர் நர்சிங் படித்தபோது வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வீட்டில்தான் கிடந்தது. அவள் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். சாமுவேல் அதைத் தூசு தட்டி, குரூப்பில் சொன்னபடி எதையெதையோ ஏற்றினார். வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். எதற்கு நிறுத்த வேண்டும் என்று கேட்கவில்லை.

அன்று முதல் அந்த மெஷின் நிற்கவே இல்லை. அவர்களுடையது ஒரு கூடமும் ஜன்னல் இல்லாத ஒரு உள் அறையும் கொண்ட தொகுப்பு வீடு. உள் அறையில் சாமுவேலின் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அந்த லேப்டாப். அதன் காற்றாடி வண்டு மாதிரி இரைந்துகொண்டே இருந்தது. செங்கேணிக்கு முதல் நாளே அது பிடிக்கவில்லை.

"இன்னாய்யா பண்ணுது அது?"

"கணக்குப் போடுது மே. உலகம் பூரா இந்த மாரி மெஷினுங்க போடுது. சரியா போட்டவனுக்குக் காசு வுயுது."

"யார் வூட்டுக் கணக்கு?"

"யார் வூட்டுதும் இல்ல. சும்மா கணக்கு."

"சும்மா கணக்குக்கு எவன்யா காசு குடுப்பான்?"

சாமுவேலுக்குக் கோபம் வந்தது. பதில் தெரியாத கேள்விக்கு எல்லாருக்கும் வருகிற கோபம்தான். மூன்று மாதத்தில் அந்த மெஷின் சம்பாதித்தது இரண்டு பேர் டீ குடிக்கக் காணும். அதையும் கையில் எடுக்க முடியாது, ஒரு அளவு சேர்ந்தால்தான் எடுக்கவிடுவார்களாம். கரண்ட் பில் மட்டும் தவறாமல் கையில் வந்தது.

ஜெனிஃபர் போனில் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "நைனா, லேப்டாப் அந்த வேலைக்குப் பண்ணது இல்ல. நாள் பூரா ஓட்டினா சூடேறிக் கெட்டுப்பூடும். நிறுத்து நைனா" என்றாள். "ஆவட்டும்மா, ஆவட்டும்மா" என்றார் சாமுவேல். போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். எண்கள் நகர்ந்துகொண்டிருந்தன. அந்த எண்களைப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஒரு சாந்தம் வரும். செங்கேணி அதைக் கவனித்திருக்கிறாள். அதனாலேயே அவளால் அதைப் பிடுங்கிப் போட முடியவில்லை.

கார்த்திகை முடிகிற சமயத்தில் லேப்டாப்பின் மூடி சரியாக மூடாமல் போனது. கைவிரலால் தேய்க்கிற இடம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அடிப்பக்கம் பூரி போல உப்பியிருந்தது. சாமுவேல் அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கோபாலிடம் போனார். கோபால் அன்று சொன்னதெல்லாம் செங்கேணிக்குப் பின்னால்தான் தெரியவந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்.

கோபால் துண்டைப் பிரித்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்தானாம். "ண்ணா, பேட்டரி ஊதிக்கீது. இத்த கழட்டாம ஒரு நிமிஷம்கூட ஓட்டாத. நெருப்பு வந்துச்சின்னா தண்ணிக்கும் அடங்காது" என்றானாம். பிறகு திரையைப் பார்த்து, "இன்னாண்ணா, இது திருட்டு ப்ரோகிராமு. நீ போட்ற கணக்குல பாதி எவனுக்கோ போய்க்கினு கீது" என்றும் சொன்னானாம்.

சாமுவேல் விரலை மடக்கி நாள் எண்ணினார். எடுக்கக்கூடிய அளவு வருவதற்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான் பாக்கி. "இந்தப் பொங்கலுக்குள்ள கழட்டிக்கலாம் கோபாலு" என்று சொல்லிவிட்டு மறுபடி துண்டில் சுற்றினார்.

வீட்டுக்கு வந்ததும் செங்கேணி கேட்டாள். "இன்னா சொன்னான்?"

"சூடு ஆவாம பாத்துக்கச் சொன்னான்."

அது பொய் இல்லை. அதுதான் கஷ்டம். முழுப் பொய்யாக இருந்திருந்தால் செங்கேணி அவர் முகத்திலேயே கண்டுபிடித்திருப்பாள். அரைச் செங்கல் இரண்டை வைத்து, உப்பிய வயிறு தரையில் படாதபடி லேப்டாப்பை அதன்மேல் ஏற்றினார். கையை உடனே எடுத்துக்கொண்டார். பெருக்கும்போது விளக்குமாறு அதில் பட்டுவிடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். மறுநாளிலிருந்து கட்டிலைச் சுவரோரமாக ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. புழுக்கமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்கழி வந்தது. செங்கேணி முப்பது கிலோ குண்டு நெல் வாங்கி, புடைத்து, பதர் நீக்கி, டிரம்மில் ஊறப்போட்டாள். தேதி பதினாறு. இருபதுக்குள் நாற்று விட்டாக வேண்டும். எப்போதும் விதைச்சாக்கை அவள் வைக்கோல் போரில் புதைத்து வைப்பாள். இந்த வருஷம் நான்கு நாளாக விடாத தூறலில் வைக்கோல் போர் அடிவரைக்கும் நனைந்து சில்லிட்டுக் கிடந்தது. கையை விட்டுப் பார்த்தாள். கிணற்றுக்குள் விட்ட மாதிரி இருந்தது. இதில் வைத்தால் நாலு நாளானாலும் முளை வராது, நெல் அழுகிவிடும்.

வீட்டுக்குள் எங்கே வைப்பது என்று சுற்றிச் சுற்றி வந்தாள். அடுப்படி போதாது, அடுப்பு அணைந்தால் சூடும் போய்விடும். அப்போதுதான் உள் அறையிலிருந்து அந்த இரைச்சல் கேட்டது. லேப்டாப்பின் பக்கவாட்டில் காற்று வருகிற சந்துக்கு நேராகக் கையை நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டாள். விதைக்கு வேண்டிய சூடு எதுவென்று அவள் கைக்குத் தெரியும். இது அதற்குக் கிட்டத்தட்ட இருந்தது.

ஆனாலும் அவசரப்படவில்லை. ஊறிய நெல்லில் ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து அந்தச் சந்துக்கு எதிரில் வைத்தாள். மறுநாள் காலையில் அவிழ்த்தால், ஒவ்வொரு நெல்லின் மூக்கிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. ஒன்று தப்பவில்லை. முப்பது வருஷத்தில் இத்தனை சீக்கிரம் அவள் பார்த்ததில்லை.

சூடு மெஷினுக்கு ஆகாது என்று சாமுவேல் சொன்னதும் ஞாபகம் வந்தது. அதற்கும் அவளிடம் வழி இருந்தது. கோடையில் தண்ணீர்ப் பானைக்கு ஈரச் சாக்கைச் சுற்றிவிடுவதில்லையா? பானை குளிர்ந்துவிடும். இங்கேயும் அப்படித்தான். ஈரச் சாக்கு மெஷினின் சூட்டை வாங்கிக்கொள்ளும், மெஷின் குளிரும், நெல் முளைக்கும். ஒரே காரியத்தில் இரண்டுக்கும் நல்லது. இதில் என்ன தப்பு என்று நீங்கள் அவளைக் கேட்டிருந்தால் உங்களாலும் பதில் சொல்லியிருக்க முடியாது. அந்த வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பதினெட்டாம் தேதி காலை, தண்ணீர் வடித்த சாக்கை இழுத்துக்கொண்டு போய் லேப்டாப்பின் ஒரு பக்கமாகச் சாய்த்தாள். இன்னொரு ஈரச் சாக்கை நாலாக மடித்து மேலே போர்த்தினாள். எதிர்வீட்டு முனியம்மாளிடம் காய்ந்த வைக்கோல் இரண்டு கட்டு கேட்டு வாங்கிவந்து, சூடு வெளியே போகாதபடி சுற்றிலும் அணைத்து வைத்தாள். காற்றாடியின் இரைச்சல் கம்மலாகி, பிறகு கேட்கவே இல்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள்.

எட்டு மணிக்குச் சாமுவேல் வந்தார். உள் அறை வாசலிலேயே நின்றுவிட்டார். வைக்கோலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாய் திறந்தது.

"இன்னாய்யா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைத்தான் செங்கேணி இன்றைக்கும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறாள்.

"ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு சிரித்தார். "மூணு மாசமா திட்டிக்கினு கெடந்தியே. இப்ப உன் நெல்லுக்கு என் மெஷின்தான் வேண்டிக் கீது."

"ஆமாய்யா. இன்னிக்கித்தான் ஒரு உருப்படியான வேல செய்யுது" என்றாள். அவரும் சிரித்தார், அவளும் சிரித்தாள். அவர்கள் சேர்ந்து சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

நாஷ்டா போட்டுக் கொடுத்தாள். குளிர் வராமலிருக்க உள் அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு அவர் படுத்தார். செங்கேணி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நாற்றங்காலைச் சரிசெய்யப் போனாள்.

அன்று காலை முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சேற்றைப் பலகை போட்டுச் சமன் செய்தாள். ஓரத்தில் வாய்க்கால் பிடித்தாள். தூறல் விட்டு லேசாக வெயில் வந்தது. சுப்பிரமணி வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "நாளைக்கு வெத வுட்றியா?" என்று கேட்டார். "சாயங்காலமே வுட்டாலும் வுட்ருவேன் ஐயா. அந்த மாரி மொளச்சிக்கீது" என்றாள்.

பதினொன்றரை மணி இருக்கும். முளையை ஒரு தரம் பார்த்துவிட்டு வரலாம் என்று வீட்டுப் பக்கம் நடந்தாள். தெரு முனையில் திரும்பும்போது ஒரு வாசனை வந்தது. நெல் அவிக்கிற வாசனை. புழுங்கல் நெல்லை அண்டாவில் போட்டு ஆவி கட்டும்போது வருமே, அந்த வாசனை. யார் வீட்டில் நெல் அவிக்கிறார்கள் என்று யோசித்தாள். இப்போதெல்லாம் யாரும் வீட்டில் அவிப்பதில்லை, எல்லாம் மில்லில்தான். அறுவடைக் காலமும் இல்லை. யார் வீட்டிலும் நெல்லே இல்லை.

இந்தத் தெருவில் இன்றைக்கு நெல் இருப்பது ஒரே ஒரு வீட்டில்.

மண்வெட்டி எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஓடினாள். முனியம்மாள் வாசலில் நின்று ஏதோ கத்திக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து கறுப்பாகப் புகை வந்தது. அதில் நெல் வாசனையோடு, தொண்டையைக் கிழிக்கிற வேறு ஏதோ ஒரு நாற்றமும் இருந்தது. உள் அறைக் கதவு திறந்து கிடந்தது. கூடத்தில், வாசல்படிக்கு இரண்டு முழம் உள்ளே, சாமுவேல் குப்புறக் கிடந்தார். இரண்டு கையாலும் விதைச்சாக்கைக் கட்டிப் பிடித்திருந்தார். சாக்கு ஒரு பக்கம் கருகியிருந்தது. மறுபக்கம் ஆவி பறந்துகொண்டிருந்தது.

லேப்டாப்பை அவர் எடுக்கவில்லை. அது உள்ளே சீறிச் சீறி எரிந்துகொண்டிருந்தது.

அவளும் முனியம்மாளும் அவரைத் தெருவுக்கு இழுத்துவந்தார்கள். கையை விட மாட்டேன் என்கிறார், சாக்கும் கூடவே வந்தது. உள்ளங்கைத் தோலில் நெல் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தார். இருமினார். எச்சில் கறுப்பாக வந்தது.

"நெல்ல எட்துட்டேன் செங்கேணி" என்றார். "நெல்லு பத்தரமா கீதா பாரு."

செங்கேணி சாக்குக்குள் கையை விட்டாள். பழக்கத்தில் முழங்கை வரைக்கும் விட்டாள். சுட்டது. ஒரு நெல்லை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். உமிக்குள் அரிசி மெத்தென்று இருந்தது. சோறு. முப்பது கிலோவும் சோறு.

"நல்லாத்தான்யா கீது" என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்து செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கைக் காயம் ஆறிவிடும், புகை நெஞ்சுக்குள் போனதுதான் பெரிய விஷயம் என்றாள் ஓடிவந்த ஜெனிஃபர். நர்ஸ் என்பதால் அவளுக்கு அம்மாவிடம் பொய் சொல்லத் தெரியவில்லை. "இனிமே வேலைக்குப் போவ முடியாதும்மா. மாடிப்படி ஏறக்கூட கஷ்டம்தான். அவருக்கு மனசு ஒடையற மாரி எதுவும் சொல்லிடாத" என்றாள்.

மார்கழி இருபது போனது. இருபத்தைந்தும் போனது. செங்கேணி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். சுப்பிரமணி ஒரு நாள் வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், நிலத்தை மோகன்குமாருக்குக் கொடுத்துவிட்டதாகத் தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

கோபால் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். கடையில் நடந்ததையெல்லாம் வராந்தாவில் வைத்துச் சொன்னான். "அக்காகிட்ட சொல்லிட்டியான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும் நானு" என்றான். கட்டில் ஏன் ஒரு முழம் தள்ளிப் போனது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தனக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவர் என்று நெஞ்சு கொதித்தது. உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் எழுந்து போனாள். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் அவளைப் பார்த்ததும், "வெத வுட்டாச்சா?" என்று கேட்டார்.

"வுட்டாச்சு" என்றாள்.

மறுநாள், "பச்ச கட்டிச்சா?" என்று கேட்டார். கட்டிவிட்டது என்றாள். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. தினமும் அவர் கேட்பார், அவள் நாற்றை ஒரு விரற்கடை வளர்த்துவிடுவாள். எத்தனை நாளில் எத்தனை உயரம் என்பது அவளுக்குத்தான் அத்துப்படியாயிற்றே. ஒரு நாள் கூட்டிச் சொன்னதில்லை, ஒரு நாள் குறைத்தும் சொன்னதில்லை. கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்த எண்களைப் பார்க்கும்போது வருகிற அதே சாந்தம் முகத்தில் வரும். அதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. என்றைக்காவது ஒரு நாள் அவர் வீட்டுக்கு வருவார், மதகுப் பக்கம் நடந்துபோய்ப் பார்க்கிறேன் என்பார்.

தை கடைசியில் முனியம்மாள் போன் செய்தாள். "மோகன்குமாரு நடவுக்குக் கூப்டறான். மதகாண்ட. நம்ப செட்டுதான் வேணுமாம். உனக்கு இஷ்டம் இல்லன்னா நான் வேற ஆளுங்களப் போவச் சொல்லிட்றேன்."

நடவன்று காலை செங்கேணி முதல் பஸ்ஸிலேயே ஊரில் வந்து இறங்கினாள். பன்னிரண்டு பேரும் வரப்பில் வரிசையாக நின்றார்கள். பள்ளம் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்திலிருந்து முதல் ஆளாகச் சேற்றில் இறங்கினாள். பொழுது சாய்வதற்குள் ஒரு ஏக்கரும் முடிந்துவிட்டது. காலைக் கழுவிக்கொண்டு, கூலியை முந்தானையில் முடிந்துகொண்டு, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் சாமுவேல் விழித்துக்கொண்டிருந்தார். அவள் கால் நகங்களில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"நடவு முடிஞ்சிச்சா?" என்றார்.

"முடிஞ்சிச்சுய்யா" என்றாள். அந்த ஒரு நாள் மட்டும் அவள் அவரிடம் பொய் சொல்லவில்லை.